பாட்டு தொலையவில்லை, விலாசம்தான் தப்பு

சகோதரிகளே, இந்தப் பதினைந்து நாட்களில் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை. மூன்றின் சாரமும் இதுதான்: வீட்டில் பாட்டுக்கென்று ஒரு பெட்டி வாங்கி வைத்தோம். பழைய காஸெட்டு, சி.டி. எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம். பெட்டியில் விளக்கு எரிகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் பாட்டுப் புரோகிராமைத் திறந்தால் ஒரு பாட்டும் இல்லை என்கிறது. என்ன செய்ய?

"ஊறுகாய்க்கும் குழந்தை வைத்தியத்துக்கும் நடுவில் இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நான் கேட்கிறேன், ஏன் வரக் கூடாது? பரணில் எந்த மூலையில் இட்லிக் கொப்பரை இருக்கிறது, பீரோவில் எந்தத் தட்டில் கூறைப்புடவை இருக்கிறது என்பதெல்லாம் நமக்குத்தானே அத்துப்படி? இன்று குழந்தையின் முதல் மழலையும், பாட்டியின் குரலும், கல்யாணப் படங்களும் இந்த மாதிரிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அந்த அலமாரிக்கு மட்டும் சாவி நம்மிடம் இல்லை என்றால் எப்படி?

பெட்டி என்பது என்ன?

இதை 'நாஸ்' என்பார்கள். பார்ப்பதற்கு ரொட்டி டப்பா மாதிரி இருக்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரோடு ஒட்டிக் கொள்ளாமல், வீட்டு இன்டர்நெட் ரவுட்டரோடு ஒரு வயரால் சேர்ந்திருக்கும். அதனால் லேப்டாப், போன், டி.வி. எல்லாமே இதிலிருந்து எடுத்துக் கொள்ளலாம். ஒரு மணி நேரக் காஸெட்டைத் தரம் குறையாமல் ஏற்றினால் சுமார் 600 எம்.பி. இடம் பிடிக்கும். நூறு காஸெட் என்றால் 60 ஜி.பி. அதைப் போனில் திணித்துக் கொண்டிருக்க முடியாது. ஆகவேதான் பெட்டி.

பாட்டுகள் இருப்பது பெட்டியில். ஆனால் எந்தப் பாட்டு, யார் பாடியது, எந்த வரிசை என்ற பட்டியல் இருப்பது புரோகிராமில். பட்டியல் வேறு, பாட்டு வேறு. பெரிய லைப்ரரிகளில் புத்தகம் ஒரு பக்கமும் கார்டு வைத்த மேஜை ஒரு பக்கமும் இருந்ததே, அது போலத்தான். கார்டில் எழுதிய அலமாரிக்குப் போக வழி தெரியவில்லை என்றால், புத்தகம் இல்லை என்று அர்த்தமா?

மாடி வீட்டுப் பெண்ணின் கதை

எங்கள் ஃபிளாட்டில் மேல்மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். கைக்குழந்தைக்கு நாலு மாதம். அவளுடைய அம்மா காலமாகி இரண்டு வருஷமாகிறது. அந்த அம்மாள் நன்றாகப் பாடுவார். மேடையில் அல்ல, சமையல் அறையில்தான். இந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது அவர் பாடிய தாலாட்டுகளையும், வெள்ளிக்கிழமைப் பாட்டுகளையும் டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார்கள். மொத்தம் பதினான்கு காஸெட். பாட்டுக்கு நடுவே குக்கர் விசில் கேட்கும், "பாலை இறக்குடீ" என்று யாருக்கோ சொல்வது கேட்கும். அவளுடைய அண்ணன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு பெட்டியில் ஏற்றி, வீட்டில் வைத்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். இவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மாதங்களில் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, 'அம்மா, ஆடி வெள்ளி', 'அம்மா, எனக்கு ஜுரம் வந்த ராத்திரி' என்று தன் கையாலேயே பெயர் அடித்து வைத்தாள். இருநூறுக்கு மேல் இருக்கும்.

புது லேப்டாப் வந்தது. வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுத்த பையன் பாட்டுப் புரோகிராமையும் போட்டு, பழைய பட்டியலையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட்.

"மாமி, அம்மா பாட்டு எல்லாம் போயிடுச்சு மாமி. பேரெல்லாம் இருக்கு, தொட்டா ஒண்ணும் பாட மாட்டேங்குது. காணாமப் போனதை எடுத்துடட்டுமான்னு வேற கேக்குது."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. பயமா இருந்துது. அப்படியே மூடிட்டு வந்துட்டேன்."

"ரொம்ப நல்ல காரியம் பண்ணினே, போ!" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அந்தக் கேள்விக்கு 'சரி' என்று அழுத்தியிருந்தால் பாட்டு போயிருக்காது. ஆனால் அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் போயிருக்கும். எந்தத் தாலாட்டு எந்த ராத்திரி என்பதை மறுபடி யார் எழுதித் தருவது?

முதலில் பெட்டியைப் பார்

என் பிள்ளை எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை ஒன்று உண்டு. புரோகிராமோடு மல்லுக் கட்டாதே, முதலில் பெட்டியைப் பார் என்பான். அப்படியே செய்தோம்.

விளக்கு எரிகிறதா? எரிந்தது. லேப்டாப்பும் பெட்டியும் ஒரே ரவுட்டரில்தானா? ஆம். இதைச் சரி பார்ப்பது முக்கியம். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்திருப்பார்கள். லேப்டாப் தவறி அதில் சேர்ந்துவிட்டால், பெரும்பாலும் வீட்டுப் பெட்டியைக் காட்டாது.

அடுத்து, விண்டோஸில் ஃபோல்டர்களைத் திறக்கும் ஜன்னல் இருக்கிறதே, அதில் 'இஸட்' என்று ஒரு டிரைவ் தெரிந்தது. பெட்டியில் உள்ள பாட்டு ஃபோல்டருக்கு அந்தப் பையன் வைத்த எழுத்து அது. திறந்தோம். ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. ஒன்றை இரண்டு தரம் தட்டினாள். கொஞ்சம் கரகரப்பு, பிறகு குரல். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டாள். "இருக்கு மாமி" என்றாள். குழந்தை தூங்கிக் கொண்டிருந்தது.

சரி, பாட்டு பத்திரம். அப்படியானால் புரோகிராமுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

செல்லப் பெயரும் முழு விலாசமும்

நம் வீட்டில் ஒரு பெண்ணை 'குஞ்சு' என்று கூப்பிடுகிறோம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தபால்காரரிடம் போய் "குஞ்சுவுக்குக் கடிதம் இருக்கா?" என்றால்? அவருக்குப் பெயரும் கதவு எண்ணும் தெருவும் வேண்டும்.

இஸட் என்ற எழுத்தும் அப்படி ஒரு செல்லப் பெயர்தான். லேப்டாப்பைத் திறந்து, பாஸ்வேர்டு அடித்து, உள்ளே வருகிறாளே, அவளுக்காக மட்டும் விண்டோஸ் வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பையன் போட்ட புரோகிராமோ 'சர்வீஸ்' என்ற வகை. யாரும் உள்ளே வருவதற்கு முன்பே தானாகப் பின்னணியில் எழுந்து ஓடுகிற வகை. டி.வி.க்கும் போனுக்கும் எந்நேரமும் பாட்டு கொடுக்க வேண்டும் என்பதற்காக அப்படி ஓடும். அதன் கணக்கு வேறு, இவள் கணக்கு வேறு. அதனால் இஸட் என்று சொன்னால் "யாரது?" என்று கேட்கிறது. புரோகிராமில் கோளாறு இல்லை, பெட்டியிலும் கோளாறு இல்லை.

இதற்கு மருந்து இரண்டு பங்கு.

ஒன்று, முழு விலாசம் கொடுப்பது. பின்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு, பிறகு பெட்டியின் பெயர், மறுபடி ஒரு கோடு, பிறகு ஃபோல்டரின் பெயர். அதாவது \\பாட்டுப்பெட்டி\அம்மா என்கிற மாதிரி. பெட்டிக்கும் ஃபோல்டருக்கும் உங்கள் வீட்டில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்களோ அதைப் போட வேண்டும். புரோகிராமில் 'ஃபோல்டர் சேர்' என்று இருக்கும் இடத்தில் இதை அடிக்கலாம்.

இரண்டாவது, சாவி. விலாசம் தெரிந்தால் மட்டும் போதாது, உள்ளே விட வேண்டுமே! பெட்டி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். விண்டோஸில் 'சர்வீசஸ்' என்ற பட்டியலில் அந்தப் புரோகிராமின் பெயரைத் தேடி, 'லாக் ஆன்' என்ற இடத்தில் அவளுடைய கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தோம். இங்கே நான்கு எண் 'பின்' செல்லாது, முழுப் பாஸ்வேர்டுதான் வேண்டும். அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் பெட்டியிலும் இருந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம். அண்ணாவுக்குப் போன் போட்டுப் பெட்டியிலும் அப்படியே வைக்கச் சொன்னோம்.

பிறகு அவசரப்படவில்லை. முதலில் பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தோம். புது விலாசத்தைச் சேர்த்தோம். புரோகிராம் எல்லாவற்றையும் படித்து முடிக்கும் வரை காத்திருந்தோம். இரண்டு மூன்று பாட்டைத் தொட்டுப் பார்த்து, அவள் வைத்த பெயர்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று கவனித்த பிறகுதான் பழைய இஸட் விலாசத்தை எடுத்தோம். வரிசையை மாற்றிச் செய்தால் வம்பு. சில புரோகிராம்களில் 'இடம் மாறிய ஃபைல்களைத் தேடு' என்று தனியாகவே ஒரு வசதி உண்டு. இருந்தால் அதைப் பயன்படுத்துவது உத்தமம்.

இந்தச் சர்வீஸ் சங்கதியெல்லாம் வேண்டாம் என்பவர்கள், பாஸ்வேர்டு அடித்து உள்ளே வந்த பிறகு சாதாரணமாகத் திறக்கும் புரோகிராமாகவே வைத்துக் கொள்ளலாம். அதற்கு இஸட்டும் தெரியும். லேப்டாப் திறந்திருக்கும் போது மட்டும் பாட்டு கேட்கும், அவ்வளவே. ஆனால் ஒன்று. அந்தப் புரோகிராமை 'அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு' என்று திறந்தால், பெரும்பாலும் அப்போதும் இஸட் தெரியாது. சாதாரணமாகத் திறந்தால் போதும்.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம்

கடிதம் எழுதிய மூவரும் ஒரே வியாதியைச் சொன்னாலும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வயிற்று வலி என்றால் எத்தனை காரணம்!

ரவுட்டரை மாற்றினீர்களா? வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது. 192.168 என்று ஆரம்பிக்குமே, அதுதான். ரவுட்டர் மாறினாலோ, சில சமயம் கரண்ட் போய் வந்தாலோ இந்த எண் மாறிவிடும். புரோகிராமில் எண்ணை விலாசமாகக் கொடுத்திருந்தால் அது பழைய வீட்டுக் கதவைத் தட்டிக் கொண்டிருக்கும். எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுங்கள். அல்லது ரவுட்டரில் "இந்தப் பெட்டிக்கு இந்த எண்தான்" என்று நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லுங்கள். இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வருபவர்களிடம் கேட்டால் செய்து தருவார்கள்.

பெட்டி பழசா? பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக் கொள்ளும் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அதில் முதல் பதிப்பு மிகப் பழசு, பாதுகாப்பு இல்லாதது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கம்ப்யூட்டர் தொற்று உலகம் முழுவதும் பரவியதே, அது இந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் புகுந்தது. அதே ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் கம்ப்யூட்டர்களில் இந்தப் பழைய பாஷையைத் தானாகச் சேர்ப்பதில்லை. ஆகவே பழைய பெட்டி புதுக் கம்ப்யூட்டரிடம் பேசினால் காதிலேயே விழாது. பெட்டியின் செட்டிங்கில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3 என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் பழையதைத் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஈயைப் பிடிக்க ஜன்னல் வலையைக் கிழித்த கதையாகும்.

பாஸ்வேர்டு இல்லாமல் வைத்திருக்கிறீர்களா? "நம் வீட்டுப் பெட்டிதானே, யார் வேண்டுமானாலும் திறக்கட்டும்" என்று விட்டிருந்தால் இப்போது அது செல்லாது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 '24எச்2' பதிப்பில், புரோ வகைக் கம்ப்யூட்டர்கள் பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளி முறையைத் தாமாக ஏற்பதில்லை. பெட்டியில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்து, பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்.

போனில் மட்டும் தெரியவில்லையா? ஐபோனில் 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், ஒவ்வொரு ஆப்பும் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி கேட்கும். குழந்தை அழும் அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருப்போம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் 'லோக்கல் நெட்வொர்க்' என்பதைத் திறந்து அந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

பெட்டி தூங்கி விடுகிறதா? நெடுநேரம் யாரும் கேட்காவிட்டால் உள்ளே இருக்கும் டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிடும். கூப்பிட்டால் எழுந்து வர சில விநாடிகள் ஆகும். அதற்குள் பொறுமையில்லாத புரோகிராம் "இல்லை" என்று சொல்லிவிடும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள்.

மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், ஃபைண்டரில் 'கனெக்ட் டு சர்வர்' வழியாக முதலில் பெட்டியோடு இணைத்துவிட்டு, அதன் பிறகே பாட்டுப் புரோகிராமைத் திறக்க வேண்டும். அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதானே வாணலி!

புதிதாக ஏற்றிய பாட்டு மட்டும் வரவில்லை என்றால் கவலையே வேண்டாம். தன் வயிற்றுக்குள் இருக்கும் டிஸ்க்கில் புதிது வந்தால் கம்ப்யூட்டருக்கு உடனே தெரியும். வெளிப்பெட்டியில் வந்தால் சில சமயம் தெரியாது. 'மறுபடி ஸ்கேன் செய்' என்று ஒரு தரம் சொன்னால் போதும்.

ஒரு எச்சரிக்கை

"பெட்டியில் இரண்டு டிஸ்க் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் அது உண்மை. ஆனால் நாம் தவறிப் போய் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். ஊறுகாயை ஒரே பரணில் இரண்டு ஜாடியில் வைத்தது போல! ஆகவே வெளியில் எடுத்துச் செல்லும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு நகல் எடுத்து, அக்கா வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வருஷம் ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சமயத்தில், புதுப்பித்துக் கொள்ளுங்கள். பழைய காஸெட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில், ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல், டப்பாவில் நிற்க வைத்த மாதிரி அடுக்கி வையுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. தாலாட்டுப் போடுகிறோம் என்று போனைக் குழந்தையின் தலையணைப் பக்கம் வைக்காதீர்கள். அறையின் மறு கோடியில், நாம் மெல்லப் பாடும் அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும்.

நோட்டில் எழுத வேண்டியவை

காஸ் புத்தக எண், டாக்டர் எண், பால்காரர் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

1. பெட்டியின் பெயர், ரவுட்டர் அதற்குக் கொடுத்த எண்.

2. பாட்டு ஃபோல்டரின் முழு விலாசம், சாய்ந்த கோடுகள் உட்பட.

3. பெட்டிக்குள் போகும் கணக்கின் பெயர். பாஸ்வேர்டை வேறு சீட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.

4. புரோகிராமின் பட்டியல் எங்கே இருக்கிறது, கடைசியாக நகல் எடுத்த தேதி.

5. சிவப்பு மையில் ஒரு வரி: "காணாமல் போனதை நீக்கவா என்று கேட்டால், வேண்டாம்."

பெட்டியை வாங்கி வைப்பவர் கணவராக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், கடைப் பையனாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது வீட்டில் இருப்பது நாம்தான். அந்த நேரத்தில் வெளிநாட்டுக்குப் போன் போட்டு வழி கேட்டுக் கொண்டிருக்க முடியாது. இன்று மத்தியானம் வேலை ஒழிந்ததும், அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து அல்லது போனில் பிடித்து, மேலே சொன்ன ஐந்தையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். பிறகு நீங்களே ஒரு தரம் திறந்து பார்த்துவிடுங்கள். கை பழகினால்தானே பயம் போகும்?

அடுத்த இதழில், பழைய காஸெட்டை வீட்டிலேயே கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி என்று எழுதுகிறேன். டேப் ரிக்கார்டர் கைவசம் இருப்பவர்கள், தலையில் படிந்த அழுக்கைத் துடைக்கப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கித் தயாராக இருங்கள்.